இடது காலில் பழையது, வலது காலில் புதியது

எனக்கு மனிதர்களின் முகம் எளிதில் நினைவில் தங்காது. கால் தங்கும். பதினெட்டு வருடம் நான் பார்த்த வேலை அப்படி.

வளைகுடாவில் ஒரு நகரத்தில், பெரிய கட்டிடத்துக்குள் பனிமலை செய்து வைத்திருக்கிறார்கள். வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருக்கும். உள்ளே ஆட்கள் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு சறுக்கி விளையாடுவார்கள். அங்கே பூட்ஸ் அறையில் எனக்கு வேலை. வருகிறவருக்குப் பூட்ஸ் எடுத்துக் கொடுத்து, முழங்காலிட்டு மாட்டிவிட வேண்டும். திரும்பி வந்ததும் கழற்றிக் காயவைக்க வேண்டும். பழுது இருந்தால் சரிசெய்ய வேண்டும். கூச்சப்படுகிறவனுக்கு அதைவிட நல்ல வேலை உலகத்தில் கிடையாது. யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. வருகிறவர் கொண்டுவரும் அட்டையில் இருக்கும் ஆங்கிலம் எனக்கு ஓடாது, ஆனால் பூட்ஸ் அளவுக்கு எழுத்தே வேண்டாம். கால் எத்தனை சென்டிமீட்டர் நீளமோ, அதுதான் எண்.

வருகிறவர்கள் பெரும்பாலும் லிஃப்ட் நாற்காலியில் உட்கார்ந்து மேலே போய்ச் சறுக்கி இறங்குவார்கள். ஆனால் சில வெள்ளைக்காரர்கள் விடியற்காலையிலேயே வந்து, லிஃப்ட் சும்மா ஓடிக்கொண்டிருக்க, பனியில் நடந்தே மேலே ஏறுவார்கள். அவர்கள் ஊரில் உண்மையான மலைகளுக்குப் போவதற்குப் பயிற்சியாம். அங்கே லிஃப்டும் கிடையாது, பாதையும் கிடையாது. காலில் மாட்டும் சறுக்குப் பலகைக்கு அடியில் ஒரு ரோமப் பட்டையை ஒட்டிக்கொள்வார்கள். அது பின்னால் வழுக்க விடாது. உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சறுக்கி இறங்குவார்கள். மூன்று மணி நேரம் ஏறி, பத்து நிமிடத்தில் இறங்குவதற்கு ஒரு விளையாட்டு.

அவர்களுடைய பூட்ஸ்தான் எனக்குப் பிடித்தது. சாதாரணப் பனிச்சறுக்குப் பூட்ஸில் நடக்க முடியாது, கணுக்கால் அசையாது. இவர்களுடையதில் குதிகாலுக்குப் பின்னால் ஒரு லிவர் உண்டு. மேலே தூக்கினால் கணுக்கால் மடங்கும், நடக்கலாம். கீழே தட்டினால் பூட்டிக்கொள்ளும், சறுக்கலாம். நான் சேர்ந்த புதிதில் வந்தவை தடித்த பிளாஸ்டிக் ஓடும் நான்கு கொக்கிகளும் கொண்டவை. ஒன்றைத் தூக்கினால் மட்டை உரிக்காத தேங்காயைத் தூக்கியது போல இருக்கும். லிவரைத் தூக்கினாலும் கணுக்கால் பேருக்குத்தான் அசையும். உள்ளே வேட்டி மடித்துத் திணித்தது போல ஒரு பஞ்சுறை.

வருடம் போகப்போக எல்லாம் மாறியது. ஓடு மெலிந்தது. நான்கு கொக்கி இரண்டானது. சிலவற்றில் அதுவும் போய், பழைய ரேடியோவின் குமிழ் மாதிரி ஒன்றைத் திருகினால் மெல்லிய கம்பி வந்து காலை இறுக்கும். கணுக்கால் முன்னும் பின்னும் தாராளமாகப் போகும். உள்ளுறையைச் சிறிய அடுப்பில் சூடாக்கி, இளக்கத்தோடு காலில் மாட்டி ஆறவிட்டால், அந்தக் காலின் வடிவம் அதில் அப்படியே தங்கிவிடும். பிறகு அது வேறு யாருக்கும் பொருந்தாது.

இதையெல்லாம் யாரிடமாவது சொல்லவேண்டும் என்று ஆசைதான். தக்கலைப் பக்கம் எங்கள் ஊரில் யாரிடம் சொல்வது? திரும்பி வந்த வாரத்தில் ஒருவர், "அங்க என்ன வேல பாத்தீரு?" என்று கேட்டார். பூட்ஸ் அறை என்றேன். "ஓ, செருப்புக் கடை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு நிறுத்திக்கொண்டேன். நீ சறுக்கினாயா என்று கேட்டவர்களும் உண்டு. பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. வேலையாட்களுக்கு மாதத்தில் ஒருநாள் இலவசம்தான். பேர் கொடுக்கக் கூச்சமாக இருந்தது.

போன மே மாதம் என் மகளின் கல்யாணப் பேச்சு வந்தது. அவள் ஜெர்மனியில் நர்ஸ். அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும், தேங்காய்ப்பட்டணத்துப் பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். எனக்குச் சம்மதம். என் மனைவிக்குப் பாதிச் சம்மதம். மீதிப் பாதி அவளுடைய அண்ணனிடம் இருந்தது.

என் மச்சான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், சபைக் கமிட்டியில் செயலாளர். நான் வெளிநாட்டில் இருந்த காலமெல்லாம் பிள்ளையைப் பள்ளிக்கூடம் சேர்த்தது, நர்சிங் சேர்த்தது, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தது எல்லாம் அவர்தான். ஆகவே அவர் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுசொல் கிடையாது. குறிப்பாக என்னிடம் கிடையாது. பையன் வீட்டார் கத்தோலிக்கர், நாங்கள் வேறு சபை. அதை அவர் வெளியே சொல்லவில்லை. "பனிமலையில ஏறிக் குதிக்கவனுக்குப் பிள்ளையக் குடுக்க முடியாது" என்பதை மட்டும் சொன்னார். பையன் ஓய்வுநாளில் மலை ஏறிச் சறுக்குகிறவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

பையனும் அவன் அப்பாவும் வருவதற்கு முந்தின நாள் மகள் ஜெர்மனியிலிருந்து போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, மாமா வேண்டாம்னா அம்மாவும் வேண்டாம்னு சொல்லிருவா. நீங்க ஒரு வார்த்த பேசணும்."

"பேசுதேன் மக்கா."

"என்ன பேசுவிய?"

யோசித்துப் பார்த்தேன். "நீ சொல்லு, அதப் பேசுதேன்."

"அப்பா!" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு வந்தார்கள். பையனின் அப்பா படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர். உரத்த குரல். கையில் இலையில் பொதிந்த நெய்மீன். பையன் பின்னால், ஒரு பெரிய சிவப்புப் பையைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். அவனும் தரையைப் பார்த்தே நடந்தான். எனக்கு அப்போதே அவனைப் பிடித்துவிட்டது.

மச்சான் சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்குக் கமிட்டி இருக்கிறது என்பதை வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். மனைவி முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். வைக்கும்போது சிவப்புப் பையை ஒரு பார்வை பார்த்தாள். வெளிநாட்டு மிட்டாய் என்று நினைத்திருப்பாள். பையன் அதைத் திறந்து, முந்திரிக்கொத்துத் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு ஜோடி பூட்ஸை மேசைமேல் வரிசையாக வைத்தான்.



"என்ன மக்கா இது?" என்றார் மச்சான்.

"பூட்ஸ் மாமா."

"பூட்ஸுன்னு தெரியுது. பலகாரத்துக்குப் பக்கத்துல எதுக்கு?"

பையனின் அப்பா தலையில் கைவைத்தார். "லேய், வீட்டுல இருந்து எறங்கும்போ கேட்டதுக்குச் சாமானுன்னு சொன்னியே, இதா சாமான்? நான் மிக்சியாக்கும்னு நெனச்சேன்."

"மாமாட்ட சரிசெய்யக் குடுக்கலாம்னு…" என்று பையன் என் கால்களைப் பார்த்துச் சொன்னான். "இது எனக்க பழசு. அடி பிரிஞ்சு போச்சு. அந்தப் புதுசு ஒரு கூட்டுக்காரருக்க. ஓரத்துல கடிக்குதாம்."

முதல்முதலாகப் பெண் வீட்டுக்கு வருகிறவன் செருப்புத் தைக்கக் கொண்டுவந்திருக்கிறான். மனைவியின் முகத்தில் இருந்த பாதிச் சம்மதமும் கால்வாசியானது. மச்சானுக்கோ வேலை சுலபமானது. கால்மேல் கால் போட்டுக்கொண்டு பையனின் அப்பாவிடம் திரும்பினார்.

"உங்க பையன் மலையில ஏறுகானாமே. ஏறி என்ன செய்யுகான்?"

"எறங்குகான் சாரே."

"ஏறாமலே இருந்தா எறங்கவே வேண்டாமே."

"நானும் அதத்தான் கேட்டேன். அதுக்கு, 'நீங்களும் கடலுக்குப் போயிட்டுத் திரும்பித்தானே வாறிய, போகாமலே இருக்கலாமே'ங்கான். சாரே, நான் வரும்போ மீனு கொண்டு வாறேன். இவன் என்னத்தக் கொண்டு வாறான்? சளி கொண்டு வாறான்!"

நான் பேசவேண்டிய நேரம் அதுதான். கை மட்டும் போய்ப் பழைய பூட்ஸை எடுத்தது. அடிப்பாகம் பெருவிரல் பக்கம் பிரிந்திருந்தது. ஓடு கிழியாமல் ஓரத்தை மட்டும் பிடித்து யாரோ நெருக்கமாகத் தைத்திருந்தார்கள். முடிச்சுகள் ஒவ்வொன்றும் ஒரே அளவு.

"யாரு தச்சது?" என்றேன்.

"நான்தான் மாமா. வல நூலு."

"நம்ம வீட்டு நூலு. திமிங்கலம் இழுத்தாலும் அறுவாது" என்றார் அவன் அப்பா.

மச்சானுக்கு நாங்கள் பூட்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது பிடிக்கவில்லை. கிண்டலாகத்தான் கேட்டார்: "ரெண்டுக்கும் அப்படி என்ன மாப்பிள வித்தியாசம்? ரெண்டும் ஆனக் காலு மாதிரிதான் இருக்கு."

ஊருக்கு வந்த பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். ஓட்டின் கனத்தைச் சொன்னேன், கொக்கியைச் சொன்னேன், லிவரைச் சொன்னேன். பழையது முரட்டு ஆள், அடி வாங்கித் தாங்கும், ஆனால் ஏறுகிறவனின் முழங்காலைத் தின்றுவிடும். புதியது போட்டிருப்பதே தெரியாது, ஆனால் பாறையில் நடந்தால் அடி சீக்கிரம் தேயும் என்று சொன்னேன். காப்பி ஆறியது. அடுக்களை வாசலில் மனைவி அசையாமல் நின்றாள். இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் அவ்வளவு தொடர்ந்து பேசி அவள் கேட்டதில்லை.

பூட்ஸ் அறையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எது வேண்டும் என்று வாடிக்கையாளர் குழம்பினால் விளக்கமெல்லாம் சொல்லமாட்டோம். ஒரு காலில் ஒன்று, மறுகாலில் மற்றது மாட்டி நடக்கவிடுவோம். பேச்சு வேகத்தில் நான் மச்சானின் முன்னால் முழங்காலிட்டு அவருடைய காலைப் பிடித்துவிட்டேன். அவர் குள்ளமான ஆள், சின்னக் கால். பழையது கொஞ்சம் பெரிது, இருந்தாலும் போகும். புதியது சரியான அளவு.

"ஏ மாப்பிள, என்ன செய்யுத?"

"எந்திரிச்சு நில்லுங்க மச்சான். நடந்து பாருங்க."

இடது காலில் பழையது, வலது காலில் புதியது. பழையதின் நான்கு கொக்கிகளையும் அவரே அழுத்திப் பூட்டினார், லிவரையும் தட்டிவிட்டார். நடந்தார். வலது கால் தாராளமாக முன்னால் போனது. இடது கால் குறுக்கே நட்ட கல் மாதிரி நின்றது. அதனால் அவர் நேராகப் போக நினைத்தும் சோபாவைச் சுற்றி அரைவட்டம் அடித்து அலமாரியில் முட்டி நின்றார்.

"சாரே, சுக்கான் ஒடஞ்ச வள்ளம் இப்பிடித்தான் போவும்" என்றார் பையனின் அப்பா.

மச்சான் அவரை முறைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆனால் கணக்கு வாத்தியாராக இருந்தவர், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. வலது காலை நீட்டி முன்னும் பின்னும் மடக்கிப் பார்த்தார்.

"இந்தப் புதுசு கொள்ளாம் மாப்பிள. எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு. சுண்டுவிரலுக்குக் கீழ இந்த எலும்புல மட்டும் கடிக்குது."

கழற்றி அந்த இடத்தைப் பார்த்தேன். மச்சானின் பாதத்து ஓரத்தில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு எலும்பு துருத்தியிருந்தது. பூட்ஸுக்குள் கையை விட்டுத் தடவினேன். உள்ளுறையில் அதே இடத்தில் அதே அளவில் ஒரு குழி.

சூடாக்கிக் கால் வடிவம் எடுத்த உறை அது. வேறொருவர் காலுக்குப் பொருந்தக்கூடாது. மச்சானுக்குப் பொருந்துகிறது. அந்த எலும்பு அவர்கள் குடும்பத்து எலும்பு. என் மாமனாருக்கு இருந்தது. என் மனைவிக்கு வரவில்லை. மச்சானுக்கு வந்தது. அதற்குப் பிறகு இந்த உலகத்தில் அது இருக்கிற இன்னொரு கால், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நான் பள்ளிக்கூட ஷூ வாங்கிக் கொடுத்த கால். ஒவ்வொரு ஷூவும் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும்.

நிமிர்ந்து பையனின் முகத்தைப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"இது யாருக்க பூட்ஸ்?"

"அதுதான் மாமா… கூட்டுக்காரருக்க…"

நானும் வாயை மூடிக்கொண்டு பூட்ஸைப் பைக்குள் போட்டிருக்கலாம். அது எனக்குப் பழக்கமான காரியம்தான். ஆனால் மச்சான் நியாயம் பேசிக்கொண்டிருந்தது பையன் ஒருவனை மட்டும் குற்றவாளியாக வைத்து. அந்தக் குற்றத்தில் பாதி எங்கள் வீட்டுக் குற்றம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு பேசாமல் இருப்பது கூச்சம் இல்லை, வேறு ஏதோ.

"மச்சான், இது நம்ம பிள்ளைக்க பூட்ஸ்" என்றேன்.

மச்சான் கோபத்தில் துள்ளி எழுந்தார். பழைய பூட்ஸ் துள்ளவில்லை. அப்படியே சோபாவில் விழுந்தார். "மொதல்ல இதக் கழத்து!"

கொக்கிகளைத் திறந்து இழுத்தேன். வரவில்லை. மே மாதத்துப் புழுக்கத்தில், காலுறை இல்லாமல் விட்ட கால், வியர்த்து வீங்கி உறையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதே நேரம் அவர் போன் அடித்தது. போதகர். "வந்திட்டே இருக்கேன் ஐயா" என்றார் மச்சான், ஒரு காலை என் மடியில் வைத்துக்கொண்டு. வைத்துவிட்டுப் பையனைப் பார்த்து இரைந்தார்: "நீதானே பிள்ளையக் கெடுத்து மலைக்குக் கூட்டிட்டுப் போனது?"

"இல்ல மாமா, அவதான் என்னக் கூட்டிட்டுப் போனா." சொல்லிவிட்டதும் பையனுக்கு மூச்சு வந்தது. "நான் மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். ஒரு வருசம் அடிவாரத்துல காப்பிக் கடையிலதான் இருந்தேன். அவ ஏறி எறங்கி வாறது வரைக்கும் காப்பி குடிச்சிட்டு இருக்கணும். எத்தன காப்பி மாமா குடிக்க? பின்னதான் ஆஸ்பத்திரியில ஒரு வயசாளிக்கிட்ட இந்தப் பழசக் கேட்டு வாங்கினேன். அவ ஏறுக வேகத்துக்கு இதப் போட்டுட்டு எனக்கு எத்தப் பாடில்ல, பின்னாலயே நிப்பேன்."

மச்சான் நம்பவில்லை. என்னைப் பார்த்தார். பூட்ஸ் விஷயத்தில் அந்த வீட்டில் நான் சொல்வதுதான் தீர்ப்பு என்று அதற்குள் ஆகியிருந்தது.

சறுக்குப் பலகையின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். கற்றுக்குட்டிகள் ஒரு காலால் மறுகாலை வெட்டிக்கொண்டு விழுவார்கள். அந்த வெட்டு பூட்ஸின் உட்பக்கத்தில், கணுக்கால் பக்கம் தெரியும். மச்சானின் காலில் இருந்த பழையதைத் தடவினேன். தேங்காய் திருவின மாதிரி இருந்தது. புதியதைத் திருப்பிப் பார்த்தேன். ஒரே ஒரு கீறல்.

"இவரு ரெம்ப விழுந்திருக்காரு மச்சான்" என்றேன். "நம்ம பிள்ள விழல்ல."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவ இருக்கும்."

மச்சான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார். உதட்டின் ஒரு ஓரம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பிறகுதான் அவருக்குக் கணக்கு புரிந்திருக்க வேண்டும். மலை ஏறுகிறவனுக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவர். இப்போது மலை ஏறுகிறவள் பெண். அதுவும் மாப்பிள்ளைப் பையனை இழுத்துக்கொண்டு ஏறுகிறவள். இதைக் கேட்டபிறகு எதிரில் இருக்கும் மனிதர் எழுந்து போய்விட்டால்? பையனின் அப்பா சிப்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானின் குரல் இறங்கியது.

"பிள்ளைக்குச் சின்னதுலேயே கொஞ்சம் துறுதுறுப்பு உண்டும். மத்தபடி நல்ல அடக்கம். வீட்டு வேல எல்லாம் தெரியும். மீன்கறி நல்லா வைப்பா."

"வைக்க மாட்டா அண்ணா" என்றாள் என் மனைவி, வாசலில் இருந்து.

"நீ சும்மா கெட பிள்ள!"

பையனின் அப்பா நிமிர்ந்தார். "சாரே, உள்ளதச் சொல்லட்டா? இவன் ஒத்தையில மலைக்குப் போறான்னு நெனச்சு ரெண்டு வருசமா எனக்க வீட்டுக்காரிக்கு ஒறக்கம் இல்ல. நாங்க கடலுக்கு ஒத்தையில போவ மாட்டோம். கூட ஒரு ஆளு இருந்தாத்தான் வள்ளம் எறக்குவோம். இப்பம் கூட ஒரு ஆளு உண்டும்னு தெரியுது. அதுவும் இவனவிட வெவரமான ஆளு. எனக்கு அது போரும்."

"அப்பம் உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார் மச்சான். அன்று மத்தியானம் முழுவதும் அவர் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி அது. அவரிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

"எங்களுக்குச் சம்மதம். சாருக்கு?"

அந்த நேரத்தில்தான் நான் பிளாஸ்டிக் ஓட்டை இரண்டு பக்கமும் விரித்து, உறையோடு சேர்த்துக் காலை உருவினேன். மச்சான் பின்னால் சாய, நான் பூட்ஸோடு மறுபக்கம் சாய்ந்தேன். காலில் சாம்பல் நிற உறை, கட்டுப்போட்டது போல மாட்டியிருக்க, அவர் மறுபடியும் அடித்த போனை எடுத்தார். "இன்னைக்கு வர ஒக்காது ஐயா. எனக்க பிள்ளைக்குக் கலியாணம் பேசிட்டு இருக்கோம்."

என் மனைவி அடுக்களைக்குள் போனாள். நெய்மீனை வெட்டும் சத்தம் கேட்டது.

அவர்கள் போனபிறகு மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, பேசினியளா?"

"பேசினேன்."

"என்ன பேசினிய?"

"பூட்ஸப் பத்தி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றேன். பிறகு, "கால் கடிக்குதுன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே மக்கா" என்றேன்.

"அவன…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அவனைத் திட்டுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் மச்சான் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பின்வாசலில் வேலைக்கு உட்கார்ந்திருந்தேன். புதிய பூட்ஸின் ஓட்டைச் சூடாக்கி, எலும்பு இடிக்கும் இடத்தை உள்ளிருந்து தள்ளி அகலப்படுத்த வேண்டும். பக்கத்து வெல்டிங் கடையில் சூடுகாற்று மெஷின் இரவல் வாங்கியிருந்தேன். எந்த இடம் என்று துல்லியமாகக் குறிப்பதற்குத்தான் வழியில்லை. பூட்ஸ் அறையில் என்றால் வாடிக்கையாளரின் எலும்பில் மையைத் தடவி உள்ளே விடச்சொல்வோம், எங்கே ஒட்டுகிறதோ அதுதான் இடம். முந்தின நாள் பேச்சோடு பேச்சாக மச்சானிடம் இதையும் சொல்லியிருந்தேன். பிள்ளையின் கால் ஜெர்மனியில் இருந்தது.

மச்சான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வலது செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து சபைக் கமிட்டியின் மைப்பெட்டியை எடுத்துத் திறந்து என்னிடம் நீட்டினார்.

நான் விரலால் மையைத் தொட்டு அவருடைய எலும்பில் தடவினேன். காலை உள்ளே விட்டார். கொக்கியை இறுக்கினேன்.

"இன்னும் ஒரு கண்ணி மெள்ள இறுக்கு மாப்பிள" என்றார். "எனக்க காலுன்னு பாக்காத. பிள்ளைக்க காலு."